கடலாமையின் கண்ணீர்

உயிர்கள் எல்லாம் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இரண்டு ஆமைகள் குடும்பம் நடத்தின. மனைவி நீலாயி, கடலாமை. கணவன் மேடன், நிலத்தாமை. பகலில் அவள் கடலுக்குள் இரை தேடுவாள். அவன் ஆற்றங்கரையில் புல் மேய்வான். பொழுது சாய்ந்தால் இருவரும் மணலில் அருகருகே படுத்திருப்பார்கள்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. ஆறு கடலை எட்டாமல் எங்கோ மேலேயே வற்றிவிட்டது. புல் கருகியது. மேடனுக்குக் குடிக்க மிஞ்சியது பள்ளத்தில் ஊறிய உப்புத்தண்ணீர்தான். அதைக் குடித்துக் குடித்து அவன் ஓடு வெளுத்தது, கால்கள் துவண்டன.

"மேற்கே மலையடியில் சுனை இருக்கிறதாம். போய்விடுங்கள்" என்றாள் நீலாயி.

"நீ வர முடியுமா?"

துடுப்பு போன்ற கால்களால் அவளுக்கு மணல்மேட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"அப்படியானால் எனக்கும் இந்த இடமே போதும்" என்றான் அவன்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த செம்பருந்து ஒன்று, கடலில் அவள் தனியே இருந்தபோது தாழப் பறந்து வந்தது. "தங்கச்சி, நீ கரைக்கு வந்துகொண்டிருக்கும்வரை அவன் இந்த இடத்தைவிட்டு நகர மாட்டான். இப்படியே விட்டால் செத்துப்போவான்."

அன்று மாலை நீலாயி மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடினாள்.

"நான் கடலுக்குப் போகிறேன். இனி வர மாட்டேன்."

"என்மேல் கோபமா?"

"இல்லை. நீங்கள் எங்காவது உயிரோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான்."

மேடன் வெகுநேரம் அவள் கழுத்தில் தலை சாய்த்திருந்தான். பிறகு, "திரும்பிப் பார்க்காமல் போ. பார்த்தால் என்னால் போக முடியாது" என்றான்.

அவள் திரும்பவில்லை. அழுதபடியே ஊர்ந்து அலைக்குள் இறங்கினாள். அவன் மேற்கே நடந்தான்.

அடுத்த வருடம் ஆற்றில் வெள்ளம் வந்தது. நீலாயிக்கு மனம் கேட்கவில்லை. கரையேறி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். செம்பருந்துதான் வந்தது.

"சுனையில் நன்றாக இருக்கிறான். உன்னைப் பற்றித்தான் கேட்கிறான். ஆனால் போன நடையிலேயே அவன் கால் ஓய்ந்துவிட்டது. இவ்வளவு தூரம் திரும்பி நடக்க வலுவில்லை."

"என்னைப் பற்றிக் கேட்டால் நானும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள், அண்ணா" என்றாள் நீலாயி. தானும் மேடனும் படுத்திருந்த மணலிலேயே முட்டையிட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

அன்று முதல்தான், முட்டையிடக் கரையேறும் ஒவ்வொரு கடலாமையின் கண்ணிலும் நீர் வழிகிறது.