பச்சை டேங்க்

நாற்பது வயதுக்கு மேல் கோமதிநாயகத்துக்கு மெக்கானிக் வேலை கற்கும் ஆசை வந்தது. அதுவும் ஒரே ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்காக. சங்கரன்கோவில் சாலையில் பட்டறை வைத்திருந்த வடிவிடம் போய்ச் சேர்ந்தார். குரு, சிஷ்யனைவிட இளையவள்.

வண்டி அவருடைய அண்ணன் ஆவுடையப்பன் முதல் சம்பாத்தியத்தில் வாங்கியது. பாகம் பிரித்த அன்று, "இது என் பங்கு" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டவர் கோமதிநாயகம். அண்ணன் சண்டைக்கு வரவில்லை. குடும்பத்தோடு சூரத்துக்குப் போய்விட்டார்.

பிடுங்கியவராவது ஓட்டினாரா என்றால் அதுவும் இல்லை. ஏறி உட்கார்ந்தாலே கூசியது. வைக்கோல் போரில் படுத்த நாய் கதைதான். முருங்கை மரத்தடியில் மழையிலும் வெயிலிலும் கிடந்து வண்டி பாழாய்ப் போனது.

இப்போது வெள்ளிக்கிழமை அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு அண்ணன் வருகிறார். அதற்குள் வண்டியைச் சரிசெய்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கோமதிநாயகத்துக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டது.

வடிவு எஞ்சினைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோதே, சிஷ்யர் அவளைக் கேட்காமல் டேங்க்கை எடுத்துப்போய்ப் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தார். கிளிப்பச்சை. நடுவில் பொன்னிற எழுத்தில் அண்ணன் பெயர்.

"இதுக்கு இப்ப என்ன அவசரம், அண்ணாச்சி?"

"பாத்ததும் கண்ணுல படுறது இதுதானே, தங்கச்சி."

அவள் எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை வண்டி கிளம்பியது. கோவில் வளைவு வரைக்கும் போய் நின்றது. தள்ளிக்கொண்டு வந்தார். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடியும் அதே வளைவு, அதே கதை.

காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் மாதிரி பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ஸ்பார்க் பிளக்கை மாத்திருவமா?"

"வேண்டாம்."

"கார்புரேட்டரே புதுசு போட்டா?"

வடிவு டேங்க்கைக் கழற்றி, உள்ளே இருந்த பெட்ரோலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினாள். டீ போல இருந்தது. அடியில் துருப்பொடி படிந்தது.

"ஒரு ஃபில்ட்டர் மாட்டிட்டா சரியாயிராதா?"

"அடைக்கிற எடம் மாறும். அவ்வளவுதான்."

துருவை உரசி எடுக்க ஒரு கைப்பிடி பழைய நட்டுகளை டேங்க்குக்குள் போட்டாள். மண்ணெண்ணெய் ஊற்றினாள். மூடி, அவர் மடியில் தூக்கி வைத்தாள்.

"ஆட்டுங்க."

"ஐயோ, பெயின்ட் இன்னும் சரியா காயலையே!"

"தெரியும். ஆட்டுங்க."

ஆட்டினார். கொட்டினால் செம்மண் குழம்பாக வந்தது. மறுபடியும் ஊற்றினாள். மறுபடியும் ஆட்டினார்.

"எம்புட்டு நேரம், தாயி?"

"தெளியுற வரைக்கும்."

சும்மா இருக்க முடியாத ஆளுக்கு ஏற்ற வேலைதான். ஆனால் மூடியிடுக்கில் கசிந்த எண்ணெயும் கையில் ஒட்டிய துருவும் சேர்ந்து கிளிப்பச்சையை உரித்தன. அண்ணன் பெயர் எழுத்தெழுத்தாக அவர் வேட்டியில் ஒட்டிக்கொண்டது. அழுகை வரும் போலிருந்தது. ஆட்டுவதை நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை வண்டி கோவில் வளைவைத் தாண்டியது. ஊர் எல்லை வரைக்கும் போய், நிற்காமல் திரும்பி வந்தது. இறங்கிய கோமதிநாயகத்தின் முகத்தில் மட்டும் களையில்லை. சொறி பிடித்தது போலிருந்த டேங்க்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அண்ணன் வந்துருவாரு. இனிமே பெயின்ட் அடிச்சாலும் காயாது."

"ஓடுதுல்லா?"

"ஓடுது. ஆனா நான் என்ன நெனச்சிருந்தேன்னா… பளபளன்னு வண்டியக் கொண்டுபோயி நிறுத்துனா, அவருக்கே எல்லாம் புரிஞ்சிரும், நான் வாயத் தொறக்க வேண்டாம்னு நெனச்சிருந்தேன்." டேங்க்கை விரலால் தடவினார். "இப்ப இதப் பாத்து, என்னடா ஆச்சுன்னு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்?"

வடிவு கையைத் துடைத்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"உள்ள கெடந்தத வெளிய எடுத்தேன், பெயின்ட் போயிட்டுன்னு சொல்லுங்க, அண்ணாச்சி."