போர்வைக்கு வெளியே ஒரு கை

உங்கள் வீட்டுக்குள் எப்போதாவது மேகம் வந்து உட்கார்ந்திருக்கிறதா?

செண்பகத்தின் வீட்டில் உட்காரும். மலை உச்சியில் வீடு. கதவைத் தட்டாது, காலைக் கழுவாது, நேராக அடுப்படிக்கு வந்து சம்மணம் போட்டுவிடும். அப்புறம் அம்மி எது, படுத்திருக்கும் ஆடு எது என்று தடவிப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஆட்டின் மேல் உட்கார்ந்தவர்களும் உண்டு.

செண்பகம் வைத்தியம் பார்க்கிறவள். சின்ன வயசுதான், தூளியில் கைக்குழந்தை. தூளிக் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே நாடி பிடிப்பாள்.

அவளிடம் வைத்தியம் கற்க வந்த சென்னியப்பனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கீழே ஆற்றில் பரிசல் ஓட்டியவர். அவர் குருவை "அம்மிணி" என்பார். குரு அவரை "அண்ணா" என்பாள். அப்படி ஒரு குருவும் சீடனும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கற்றுக்கொள்கிறவர் நோயாளியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. குறுக்கே ஒரு போர்வை தொங்கும். வளையல்கூடத் தட்டுப்படாதபடி பழஞ்சேலைத் துணி சுற்றிய ஒரு கை மட்டும் இந்தப் பக்கம் வரும். கண்ணை மூடி நாடி பார்த்துச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்தால் விரல் சோம்பேறியாகிவிடும் என்பாள் செண்பகம்.

யார் கையைப் பிடித்தாலும் சென்னியப்பன் ஒன்றையேதான் சொன்னார்.

"ஓடுதுங்க அம்மிணி. கட்டுக்கடங்காம ஓடுது."

முந்தின நாள் ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டு, "தாங்காதுங்க" என்று சொல்லிவிட்டார். பிள்ளையைப் பெற்றவள் போட்ட கூச்சலில் பிள்ளை தூக்கம் கலைந்து எழுந்தது. கஞ்சி கேட்டது. தொட்டுக்கொள்ள மாவடுவும் கேட்டது.

இன்று காலை சென்னியப்பன் துணி மூட்டையைக் கட்டிவிட்டார். மிளகுக்காரர்கள் கீழே இறங்கும் நாள். இதை விட்டால் மழை பிடித்துக்கொள்ளும், தை பிறக்கும்வரை பாதை கிடையாது.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கண்ணா." செண்பகம் இருமினாள். எழுந்ததிலிருந்தே இருமிக்கொண்டுதான் இருந்தாள்.

"நான் வைத்தியனாகறதா, வேண்டாமா? மிளகுக்காரங்க கூப்பிடறதுக்குள்ள சொல்லிப்போடுங்க. ஆகாதுன்னா இப்பவே எறங்கிடறேன்."

"எதுக்குங்கண்ணா படிக்க வந்தீங்க?"

இத்தனை நாளும் அவள் அதைக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"என் சம்சாரம் பாப்பாயிக்குக் காய்ச்சல். வைத்தியர் அக்கரையில. ஆத்துல தண்ணி கரை முட்டப் போகுது. மச்சான் துடுப்புப் போட்டான், நான் அவ கையப் புடிச்சிக்கிட்டே போனேன். நாடி நல்லாத் துடிச்சுதுங்க. கரை சேர்ற வரைக்கும் துடிச்சுது. வைத்தியர் தொட்டுப் பாத்துட்டு, உசுரு போயி வெகு நேரமாச்சுங்கறார்."

மேகம் அடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"எப்படிங்க அம்மிணி? என் கையில துடிச்சுதே. அவருக்குப் பாக்கத் தெரியலியா, எனக்குத் தெரியலியா? அதத் தெரிஞ்சுக்கோணும்னுதான் மலையேறி வந்தேன்."

செண்பகம் தூளிக் கயிற்றைக் கால்விரலிலிருந்து கழற்றினாள்.

"கண்டிப்பாத் தெரிஞ்சுக்கோணுங்களா?"

"தெரிஞ்சுக்கோணும்."

"அப்படின்னா இன்னும் ஒரே ஒரு கை பாத்துட்டுப் போங்க. கண்ண மூடிக்கங்க."

அவள் எழுந்து போனாள். அடுப்படியில் சாம்பல் கிளறும் சத்தம் கேட்டது. போர்வை அசைந்தது. துணி சுற்றிய, வெதுவெதுப்பான ஒன்று அவர் மடிக்கு எதிரே வந்தது.

சென்னியப்பன் மூன்று விரலையும் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். எப்போதும் செய்வதுபோல், கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினார். வந்துவிட்டது.

மூடிய கண்ணுக்குள் ஆறு ஓடியது. கரை தெரியவில்லை. பரிசல் சுற்றிச் சுற்றிப் போனது. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ தட்டுவதுபோல் அந்தத் துடிப்பு. பாப்பாயி ஏதோ சொல்லப் போகிறாள் என்று இருந்தது.

"பொம்பளக் கையுங்க," என்றார் மெல்ல. "உசுரு இருக்குது. ஆனா ரொம்பப் பயந்து கெடக்குது."

"கண்ணத் தொறங்கண்ணா."

செண்பகம் போர்வையை விலக்கினாள். பாயில் ஒரு நீளச் சுரைக்காய் படுத்திருந்தது. சுற்றிய துணியில் அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்தது.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா ஏமாத்திப்போட்டீங்க அம்மிணி! ஊருக்குள்ள சொல்லிப்போடாதீங்க." சிரித்துக்கொண்டே துணியை உருவிவிட்டுக் காயின் மேல் கட்டைவிரலை அழுத்தினார். துடித்தது. எடுத்துவிட்டு மற்ற விரல்களை வைத்தார். வெறும் காய்.

மறுபடி கட்டைவிரல். மறுபடி துடித்தது.

சிரிப்பு நின்றது.

"இது துடிக்குதுங்களே."

"கட்டைவிரலுக்குச் சொந்தமா ஒரு துடிப்பு இருக்குதுங்கண்ணா. எதப் புடிச்சாலும் அது தன்னையேதான் கேக்கும்."

மேகம் அடுப்படியை விட்டு எழுந்து தூளிப் பக்கம் போனது. தூளி இருந்த இடம் தெரியவில்லை. குழந்தை மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அப்போ பரிசல்ல..." என்றார் சென்னியப்பன்.

செண்பகம் உருவிப் போட்ட துணியை எடுத்து மடித்தாள்.

"பாதி ஆத்துலயே போயிட்டாளா?"

அவர் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கரை சேர்ற வரைக்கும் நான் அவகிட்டப் பேசிக்கிட்டே போனனுங்க அம்மிணி. இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்னு."

"பேசுனது நல்லதுங்கண்ணா."

மேட்டிலிருந்து மிளகுக்காரர்கள் கூவினார்கள். கூ... கூ... மேகத்துக்குள் அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

சென்னியப்பன் எழுந்து மூட்டையைத் தோளில் போட்டார்.

"வந்த வேல முடிஞ்சுதுங்க. கேட்டதுக்குப் பதில் கெடச்சுது. இனி எனக்கெதுக்கு வைத்தியம்? பயத்தத் தவிர வேறொண்ணும் இந்தக் கைக்குக் கேக்காது."

"சரிங்கண்ணா."

வாசல்வரை போனவர் நின்றார்.

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா அம்மிணி?"

"ஏனில்ல? தூளியில இருக்கறவனுக்கு உடம்பு சுட்டா என் கட்டைவிரலும் குதிரையாட்டந்தான் ஓடும்."

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"மடக்கி வச்சுக்குவேன்."

மறுபடியும் கூவினார்கள். இப்போது இன்னும் கீழே இருந்து.

அவர் படியில் கால் வைத்தார். பின்னால் இருமல் கேட்டது. அது சட்டென்று நிற்கிற இருமலாக இல்லை. திரும்பிப் பார்த்தார். செண்பகம் குறுக்கே தொங்கிய போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாயில் சுருண்டிருந்தாள். பக்கத்தில் சுரைக்காய். மேகம் முகத்தை மூடியிருந்தது. போர்வைக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது. துணி சுற்றாத கை.

"நேத்துலேர்ந்து உள்காய்ச்சலுங்கண்ணா. என் நாடிய நானே பாத்தா சரி வராது. மலையில நாடி பாக்க வேற யாரு இருக்கா?"

சென்னியப்பன் மூட்டையை இறக்கி வைத்தார். ஆடு எது, அம்மி எது என்று தடவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினார். காய்த்துப்போன மூன்று விரலையும் அவள் மணிக்கட்டில் வைத்தார். கண்ணை மூடினார்.

மிளகுக்காரர்கள் கடைசியாக ஒருமுறை கூவினார்கள். எங்கோ தூரத்தில்.

"ஒண்ணுமே கேக்கலீங்க அம்மிணி."

"அப்படின்னா இன்னுங் கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டே இருங்கண்ணா."