கோமாளி மீனின் உடல் ஏன் நடுங்குகிறது

மீனும் இறாலும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கோமாளி மீன் குடும்பங்களில் ஆண்தான் பெரியவன். பவளப்பாறை ஓரம் பூப்போல விரல் விரித்திருந்த ஒரு கடல்சாமந்திக்குள் சடையன் என்ற கோமாளி மீனும் அவன் மனைவி கெம்பியும் குடியிருந்தார்கள். கடல்சாமந்தியின் விரல்கள் அந்நியர் தொட்டதும் சுடும். அதிலேயே உரசி உரசி உடம்பில் வழுவழுப்பு ஏறியவர்களை மட்டும் ஒன்றும் செய்யாது. பூட்டு இல்லாத வீட்டுக்கு அதுவே காவல்.

கெம்பி பாறையடியில் முட்டையிட்ட கையோடு புயல் வந்துவிட்டது. நீரோட்டம் அவளை எங்கோ சேற்றுப் பக்கம் இழுத்துப் போனது. சடையன் தேடிப் போகவில்லை. முட்டையை யார் பார்ப்பது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அதே கடல்சாமந்தியில் ஒண்டியிருந்த இறால் வேறு, "ஒத்த ஆளா நின்னு வீட்டக் காக்குறீங்களேண்ணே!" என்று ஏற்றிவிட்டது. பிறகு கேட்கவா வேண்டும்? ஐயா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

புயல் ஓய்ந்ததும் கெம்பி திரும்பி வந்தாள். ஆள் மெலிந்து, வெள்ளைப் பட்டைகள் சேறு படிந்து மங்கியிருந்தன. முட்டையைப் பார்க்கும் ஆசையில் நேராக உள்ளே நுழைந்தாள். பிரிந்திருந்த நாட்களில் உடம்பின் பழைய வழுவழுப்பு போயிருந்தது. கடல்சாமந்தி சுரீரென்று சுட, துடித்துப் பின்வாங்கினாள்.

"எவ அவ?" என்று சீறினான் சடையன்.

"இந்தாருங்க, நாந்தாங்க கெம்பி."

"வீட்டுக்காரிய வீடு சுடுமா? யாரை ஏமாத்தப் பாக்குற?" என்று பாய்ந்து அவள் துடுப்பைக் கடித்தான்.

"ஐயோ, நாந்தாங்க!"

அந்த அலறலைக் கேட்டதுமே சடையனுக்குத் தெரிந்துவிட்டது. அவளேதான். ஆனால் இறால் கண்ணை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடித்துவிட்டு, தப்பாகப் போச்சு என்று எப்படிச் சொல்வது? பெண்டாட்டி போனாலும் மானம் போகக்கூடாதாம். மறுபடியும் கடித்தான். துடுப்பு கிழிந்தது. கெம்பி பக்கத்துக் கல்லிடுக்கில் போய் ஒதுங்கினாள்.

அன்று மாலையே கிளாத்தி மீன் வந்தது. சிப்பியையே உடைத்துத் தின்னும் பல் அதற்கு. கடல்சாமந்தியின் சூட்டைப் பொருட்படுத்தாமல் முட்டைகள் இருந்த பாறையடிக்கு நேராக வந்தது. சடையன் என்ன செய்தான் தெரியுமா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கடல்சாமந்தியின் நடுவில் புகுந்து மூச்சுக் காட்டாமல் ஒளிந்துகொண்டான்.

கல்லிடுக்கிலிருந்து கெம்பி பாய்ந்தாள். கிழிந்த துடுப்போடு கிளாத்தியின் கண்ணோரத்தைக் கவ்வித் தொங்கினாள். அது உதறிப் பார்த்தது, பாறையில் தேய்த்துப் பார்த்தது. அவள் விடவில்லை. வலி பொறுக்காமல் கிளாத்தி ஒரு முட்டையைக்கூடத் தொடாமல் ஓடிப்போனது.

சடையன் மெல்ல வெளியே வந்தான். கெம்பி மூச்சு வாங்க அவன் முன்னால் வந்து நின்றாள்.

"என்னையக் கடிச்சியே, அந்த வாயி கிளாத்திகிட்ட எங்க போச்சு?"

இதுவரை அவள் அவனை நீ என்று சொன்னதே இல்லை. சடையனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இறால் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்த முறை அவன் அதைப் பார்க்கவில்லை.

"நீதான்னு தெரிஞ்சும் கடிச்சேன், கெம்பி," என்றான்.

சொன்னதும் அவனைத் தலை முதல் வால் வரை ஒரு நடுக்கம் பிடித்துக்கொண்டது. நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று கெம்பி சொல்லவில்லை. ஆனால் அந்த நடுக்கத்தைப் பார்த்தபின் அவனை விரட்டவும் இல்லை.

"இனிமே வாசக்காவல் நான். முதல் தீனியும் எனக்கு. நீ துடுப்பால முட்டைக்கு விசிறு, போ."

முதல் தீனி தின்றவள் பெருத்தாள். மிச்சம் தின்றவன் சிறுத்துப்போனான்.

இன்றைக்கு வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களைச் சேர்த்துவிட்டாலும் பெரியவள் சின்னவனைக் கடிக்கத்தான் பாய்கிறாள். அவன் நடுங்கிக் காட்டினால் பக்கத்தில் இருக்க விடுகிறாள். நடுங்காதவனைத் தொட்டி முழுக்க விரட்டுகிறாள். வளர்ப்பவர்கள், பாவம், பயத்தில் நடுங்குகிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கெம்பியைத் தெரிந்தே கடித்தானே சடையன், அன்று முதல்தான் ஆண் கோமாளி மீன் பெண்ணின் முன்னால் வெட்கத்தில் இப்படி நடுங்குகிறான்.