பக்கத்து இலை

திருமேனி முப்பது வருஷம் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு ஆற்றங்கரை மடத்துக்கு வந்து, மங்களாம்பிகை அம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மாளுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதை இருவருமே பொருட்படுத்தியதில்லை.

மடத்தில் தினமும் மதியம் அன்னதானம். பரிமாறுவது திருமேனியின் வேலை. அந்த வருஷம் ஆற்றில் பாலம் கட்ட ஜார்க்கண்டிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். அவர்களும் சாப்பிட வந்தார்கள். சோற்றிலோ குழம்பிலோ திருமேனி அவர்களுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் பந்தியின் கடைசியில், ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, தள்ளித்தான் இலை போட்டார்.

நான்காம் நாள் அம்மாள் தன் இலையை எடுத்துக்கொண்டு போய் அந்த இடைவெளியில் உட்கார்ந்தார்.

அன்று திருமேனி பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டார். சாயங்காலம் அம்மாளிடம் போய் நின்றார்.

“அம்மா, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அவங்களைக் கண்டாலே எனக்கு ஆகல.”

“உங்களுக்கு என்ன செஞ்சாங்க?”

“ஒண்ணும் செய்யல. வடக்கத்தி ஆளு வந்தா திருட்டும் கூடவே வரும்னு எங்க டிப்போவுல சொல்லுவாங்க. கேட்டுக் கேட்டு ஊறிப்போச்சு.”

“டிப்போவுல திருட்டுப் போயிருக்கா?”

திருமேனி யோசித்தார். “ஒரு தடவை போச்சு.”

“யாரு எடுத்தா?”

“எங்க ஆளுதான்.”

அம்மாள் சிரிக்கவில்லை. “நாளையிலேருந்து நீங்க பரிமாற வேணாம். அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க.”

மறுநாள் திருமேனியின் பக்கத்து இலையில் இருந்தவன் பெயர் சோம்ரா. நாற்பது வயது இருக்கும். முன்பே சில வருஷம் தமிழ்நாட்டில் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவான். இருவரும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், மௌனம் தாங்காமல், திருமேனி தன் பழைய தொழிலின் கேள்வியைக் கேட்டார்.

“எங்கேருந்து ஏறினே?”

“ராஞ்சி. ரெண்டு நாள் ரயிலு. உக்கார எடம் இல்ல. நின்னுட்டே வந்தோம்.”

திருமேனி வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, கெண்டைக்காலில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்த நரம்புகளைக் காட்டினார். “முப்பது வருஷம் நின்னது.”

சோம்ரா குனிந்து பார்த்தான். பிறகு தன் காலை நீட்டிக் காட்டினான். கிட்டத்தட்ட அதே முடிச்சுகள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை, எண்ணெய்க் கடைக்காரரின் ஐந்து வயதுப் பெண்ணைக் காணவில்லை. பிள்ளை பிடிக்கிற வடக்கன்தான் கொண்டுபோயிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். கடைவீதிக்குக் காய் வாங்க வந்த சோம்ராவைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள்.

சேதி மடத்துக்கு வந்தது. திருமேனி செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் சோம்ராவுக்கு முன்னால் நின்றார். அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

“தள்ளுங்க பெரியவரே! இவனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

“பேரு சோம்ரா. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. மூத்ததுக்குக் கணக்கு வரல, சின்னதுக்கு வாய் ஓயாது. அம்மாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு.”

“அதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?”

“கேட்டேன், சொன்னான். நீங்களும் கேளுங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க.”

கூட்டம் முணுமுணுத்தது. காணாமல்போன குழந்தையின் தாய் முன்னால் வந்தாள்.

“எம் பொண்ணைப் பாத்தியாப்பா?”

“பாக்கலம்மா,” என்றான் சோம்ரா. “நாங்க இருபது பேரு இருக்கோம். தேடுறோம். அவுத்து விடுங்க.”

தாய் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். திருமேனி கயிற்றை அவிழ்த்தார். யாரும் தடுக்கவில்லை.

பாலத்து ஆட்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தேடினார்கள். குழந்தை கடையின் பின்கட்டில், எள் மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் கண்டது யார் என்று பிறகு யாருக்கும் சரியாக நினைவில்லை. சோம்ராவை அடித்தவர்களில் ஒருவர், தலை நிமிராமல், அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அன்று மாலை திருமேனி அம்மாளிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

“என்னய்யா? நல்லபடியாத்தானே முடிஞ்சுது?”

“அம்மா, குழந்தையைக் காணோம்னு கேட்டதும் எனக்கே ஒரு கணம் தோணிச்சு. இவனா இருக்குமோன்னு. ஒரு மாசமா அவன்கூட உக்காந்து சாப்பிடுறேன். அப்படியும் தோணிச்சு. இந்தப் புத்தி என்னை விட்டு எப்போம்மா போகும்?”

அம்மாள் அவரை நிதானமாகப் பார்த்தார்.

“தோணினதும் என்ன செஞ்சீங்க?”

“ஓடினேன்.”

“எந்தப் பக்கம்?”

“அவன் பக்கம்தாம்மா.” திருமேனி கீழே உட்கார்ந்தார்.