நாருக்குக் குறுக்கே

போத்தனூர் ரயில்வே காலனியில் மதலேன் என்றொரு சமையல் மாஸ்டர் இருந்தார். வயது நாற்பது. அவரிடம் தொழில் கற்றவர்கள் இரண்டு பேர். மூத்த சீடர் இன்னாசிக்கு ஐம்பத்துநான்கு வயது. தன்னைவிடப் பதினான்கு வயது சின்ன பெண்ணிடம் ஒரு மனிதர் ஏன் கைகட்டி நிற்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மதலேனின் மாட்டுக்கறி ரோஸ்ட்டைச் சாப்பிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இளையவன் யாக்கோபு. முப்பத்தொரு வயது. வந்து பதினொரு மாதம் ஆகிறது. எதைச் சொன்னாலும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொள்வான். உப்பு எத்தனை கரண்டி என்பதைக்கூட எழுதுவான். இன்னாசிக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது.

ரோஸ்ட் என்றால் துண்டு துண்டாக நறுக்கி வறுப்பதல்ல. மாட்டின் பின்தொடையில் எலும்பில்லாத ஒரே கட்டி, நாலரைக் கிலோ. முதல் நாளே உப்பு, மிளகு, இஞ்சி, பூண்டு, வினிகர் தடவி நூலால் இறுக்கிக் கட்டி வைப்பார்கள். மறுநாள் அடிகனத்த பானையில் எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டியெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு மூன்றேகால் மணி நேரம் சிறு தீயில் வைக்க வேண்டும். நேரம் குறைந்தால் கறி ரப்பராக இழுக்கும். அரை மணி கூடிவிட்டாலோ கத்தி பட்டதும் உதிர்ந்து கொட்டும்.

ஒன்பது வருடமாக இன்னாசி மசாலா தடவினார். நூல் கட்டினார். உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்தார். பானையை மட்டும் மதலேன் அவரிடம் விடவில்லை. வெந்த கறியை வெட்டுகிற கத்தியையும் விடவில்லை. ஆனால் கத்தியை இன்னாசி கேட்டதே கிடையாது. பானைதான் அவருக்கு வேண்டியிருந்தது. ரோஸ்ட் போட்டவர் பெயரைத்தான் காலனியில் சொல்வார்கள். இது இன்னாசி போட்ட ரோஸ்ட் என்று ஒரு வாய் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்பது அந்த மனிதருடைய ஆசை. பெரிய ஆசை இல்லைதான். ஆனால் ஒன்பது வருடம் ஒரே ஆசையை வைத்துக்கொண்டிருந்தால் அது புளித்துப்போகும்.

டென்சில் என்ற ஓய்வுபெற்ற ரயில் டிரைவருக்கும் அவர் மனைவி டோரத்தி அம்மாவுக்கும் கல்யாணம் ஆகி ஐம்பது வருடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு விருந்து. இருபத்திரண்டு பேர். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தார்கள். டோரத்தி அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், கல்யாணத்தன்று சாப்பிட்ட மாதிரி ரோஸ்ட்.

சனிக்கிழமை சாயங்காலம் இன்னாசி நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை நமக்குத்தான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. மதலேன் வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்றார். பிறகு, நாளைக்கு யாக்கோபு ரோஸ்ட் போடட்டும் என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வரச்சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

இன்னாசி விளக்கை அணைத்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டை முன்னால் வைத்தபோது, பசியில்லை என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

காலையில் டென்சில் வீட்டுக் கொல்லையில் யாக்கோபு அடுப்பு மூட்டினான். இன்னாசி மதலேனைத் தனியாகப் பிடித்துக் கேட்டுவிட்டார்.

"ஒன்பது வருசமா கேக்கறனுங்க மாஸ்டர்."

"ஆமாங்ணா. ஒன்பது வருசமா கேக்கறீங்க."

"அவன் வந்து பதினோரு மாசம்."

"ஆமாங்."

"அப்புறம் ஏனுங்க எனக்கில்லை?"

மதலேன் தன் பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த நீளக் கத்தியை எடுத்தார். கட்டைவிரலால் பதம் பார்த்தார். பிடியைத் திருப்பி இன்னாசியிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீங்க வெட்டுங்க."

இன்னாசி வாங்கிக்கொண்டார். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து அனுப்புகிறார் என்று நினைத்தார். முகத்தில் காட்டவில்லை.

அதற்குப் பிறகு மூன்றேகால் மணி நேரம் அவர் செய்த வேலை ஒன்றுதான். யாக்கோபு எங்கே தப்பு செய்வான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கறியைப் புரட்டுகிற அவசரத்தில் ஒரு பக்கம் சிவக்காமல் போகும் என்று எதிர்பார்த்தார். போகவில்லை. தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டுவான் என்று பார்த்தார். அவன் நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தெளித்தான். பன்னிரண்டு மணிக்கு மூடியோரத்திலிருந்து கிராம்பும் கறிநெய்யும் கலந்த அந்த வாசனை வந்தது. மதலேன் பானையில் எப்போதும் வருகிற அதே வாசனை. பூசைக்குப் போய்த் திரும்பியவர்கள் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார்கள். இன்னாசியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

பானையிலிருந்து கறியை எடுத்து, அரை மணி நேரம் துணி போட்டு ஆறவைத்து, மரப்பலகையில் ஏற்றிப் பந்தலுக்குக் கொண்டுபோனார்கள். விருந்தாளிகள் கண்முன்னால் வெட்டிப் பரிமாறுவது அந்தக் காலனியின் வழக்கம். ரோஸ்ட் போட்டவரும் வெட்டுகிறவரும் வேறு வேறு ஆள் என்றால், போட்டவர் கொல்லையிலேயே இருப்பார். வெட்டுகிறவர்தான் மேசை முன்னால் நிற்பார்.

இன்னாசி நூலை அறுத்தார். கறியில் நார் ஓடுகிற வரி தெளிவாகத் தெரிந்தது. நாருக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டினால் வாயில் போட்டதும் கரையும். நார் போகிற வாக்கில் வெட்டினால் எவ்வளவு பதமாக வெந்த கறியும் கயிறு கயிறாகப் பல்லில் மாட்டும். வெட்டினதில் வந்த வினை என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. கறி வேகவில்லை என்றுதான் சொல்வார்கள். யார் போட்டது என்று கேட்பார்கள். யாக்கோபு என்று பதில் வரும்.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னாசி இதையெல்லாம் யோசித்தார். யோசிக்கத் தேவையே இருக்கவில்லை என்பதுதான் உண்மை. கொல்லையில் அந்த வாசனை வந்தபோதே கை முடிவு செய்துவிட்டது.

பலகையைக் கால்சுற்றுத் திருப்பினார். நார் போன வாக்கில் முதல் துண்டை வெட்டினார்.

பொன்விழா என்பதால் முதல் துண்டு கல்யாணப் பெண்ணுக்கு. டோரத்தி அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது. பல்செட். நீல கவுன் போட்டு, காதில் முத்து மாட்டியிருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் ஒரு துணுக்கை வெட்டி வாயில் வைத்தார்.

மென்றார். இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குத் தள்ளி மறுபடியும் மென்றார். பந்தலே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனார், துடைப்பதுபோல. கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அருமை என்று சிரித்தார். தட்டை மெதுவாக ஓரமாகத் தள்ளிவிட்டு, எனக்கு உருளைக்கிழங்கு போதும் என்று மகளிடம் சொன்னார்.

இன்னாசிக்கு என்னவோ செய்தது. யாக்கோபுவின் மூக்கை உடைக்கத்தான் அவர் நினைத்தார். அந்த அம்மாவின் மடியில் இருந்த கைக்குட்டை அவருடைய கணக்கில் இல்லை.

பலகையை மறுபடியும் திருப்பினார். இரண்டாவது துண்டை நாருக்குக் குறுக்கே வெட்டினார். மிச்சமிருந்த கறி முழுவதையும் அப்படியே வெட்டினார். டோரத்தி அம்மாவுக்கு வேறு துண்டு வைக்கலாம் என்று தோன்றியது. வைத்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். வைக்கவில்லை. மேசையின் அந்தக் கோடியில் மதலேன் குழம்புக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

மற்ற இருபத்தொரு பேரும் வாய் ஓயாமல் சாப்பிட்டார்கள். மூன்று முறை கேட்டு வாங்கினார் டென்சில். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, யார் போட்ட ரோஸ்ட் இது என்று கேட்டார். கொல்லையிலிருந்து யாக்கோபுவைக் கூட்டிவந்தார்கள். டென்சில் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, தோளில் தட்டினார். பிள்ளைகள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இன்னாசியிடம் ஒருவர் வந்து, கொஞ்சம் நகர முடியுமா, படத்தில் விழுகிறீர்கள் என்றார்.

இன்னாசி நகர்ந்துகொண்டார். சற்று முன்பு இளகின மனசு மறுபடியும் இறுகிவிட்டது. தான் குறுக்கே வெட்டியதால் வந்த கைத்தட்டல் இது என்று ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாதே என்று பொருமினார்.

கொல்லைக்குத் திரும்பினதும் யாக்கோபு அவரிடம் வந்தான். கையில் டோரத்தி அம்மாவின் தட்டு. துண்டு அப்படியே இருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு துணுக்கு வெட்டியிருந்தது.

"அண்ணா, எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. அந்தம்மா மட்டும் சாப்பிடலை. அவங்களுக்காகத்தானே போட்டோம். எங்கங்ணா தப்பு பண்ணேன்?"

இன்னாசி துண்டைப் பார்த்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீளநீளமாக நார். பதினொரு மாதத்தில் அவனுக்கு வெட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.

"அரை மணி நேரம் பத்தலை," என்றார்.

யாக்கோபு தட்டைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தான். மூன்றேகாலை அடித்துவிட்டு மூன்றே முக்கால் என்று எழுதினான். எழுதினதை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்துக்கொண்டான்.

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க," என்றான்.

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. இன்னாசிக்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார் மதலேன். இன்னாசி பக்கத்தில் போய் நின்றார். கத்தியைக் கழுவித் துடைத்து நீட்டினார். மதலேன் வாங்கித் துணியில் சுற்றினார். அப்புறமும் இன்னாசி போகவில்லை.

"மாஸ்டர், மொத துண்டை நார் வாக்குல வெட்டிட்டனுங்க."

"பார்த்தனுங்."

"கை தவறி இல்லீங்க. வேணும்னே வெட்டினேன்."

"அதையும் பார்த்தேன்."

"அப்பவே ஏனுங்க கத்தியைப் பிடுங்கலை?"

"வரலாம்னுதான் காலை எடுத்து வெச்சேன். அதுக்குள்ள நீங்க ரெண்டாவது துண்டை வெட்டிட்டீங்க."

இன்னாசிக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது, இந்த வயதில். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கினதும், பாரத்தோடு சேர்த்து இறக்கிவைக்க முடியாத அந்தப் பழைய ஆசை தலையைத் தூக்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே காலனியில் ஒரு ஞானஸ்நான விருந்து இருந்தது.

"உள்ளதைச் சொல்லிட்டனுங்க. அடுத்த வாரம் பானையை எனக்குத் தருவீங்களா?"

மதலேன் சிரிக்கவில்லை. கழுவின பானையைக் கவிழ்த்து வைத்தார்.

"யாக்கோபு நோட்டைக் கொண்டாந்து காட்டினான். மூணே முக்கால்னு எழுதியிருக்கு."

இன்னாசி முற்றத்துப் பக்கம் பார்த்தார்.

"நான் திருத்தலைங்ணா. அடுத்த வாரமும் அவன்தான் போடறான். எனக்கு வேற வீட்ல வேலை இருக்குது, வர மாட்டேன். அவன்கூட நீங்கதான் இருப்பீங்க."

முற்றத்தில் யாக்கோபு பாத்திர மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அண்ணா, ஒரு கை பிடிங்க என்று கூப்பிட்டான். இன்னாசி அசையவில்லை.

மதலேன் ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"கெட்டுப்போனா உங்களாலன்னு யாருக்கும் தெரியாதுங்ணா. நல்லா வந்தாலும் உங்களாலன்னு யாருக்கும் தெரியாது."