பாதியில் நிற்காத பாட்டு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எதிர்வீட்டு தெரசம்மா அக்கா. என் பெரியவளுக்கு அம்மை போட்டிருந்த பங்குனி மாதம் அது. நான் வேண்டிக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார். பெரியவளுக்கு இப்போது கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது. கதை அப்படியே இருக்கிறது. கேளுங்கள், கண்ணுகளா.

மயில் ஒன்று காட்டை ஆண்ட காலம். அந்தக் காட்டில் ஒரே ஒரு சட்டம்தான். யார் பாடினாலும் ராஜாவின் ஆட்டத்துக்குத்தான் பாட வேண்டும். ராஜா தோகை விரித்தால் பாட்டு தொடங்கும். தோகையை மடித்துவிட்டால், அடி பாதியில் இருந்தாலும், சொல் பாதியில் இருந்தாலும், மூச்சே பாதியில் இருந்தாலும் பாட்டு நின்றுவிட வேண்டும். ஆகவே, ஒரு பாட்டு எப்படி முடியும் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

காட்டோரத்தில் ஒரு பட்டுப்போன பனை. அதில் செங்கொண்டையாள் என்ற மரங்கொத்தி இருந்தாள். அவள் கொத்தினால் பனை டொக்கு டொக்கு என்று தாளம் பேசும். ஒரு பாட்டுக்காவது தாளம் போட்டு முடித்துவிட வேண்டும், அதுவும் யார் ஆட்டத்துக்கும் இல்லாமல். அவளுடைய ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

பனையடியில் இருந்த சில்வண்டு சின்னான் சுருதி சேர்க்க வந்தான். குட்டையில் இருந்த தவளை தொந்தியப்பன் பாட வந்தான். கோடையில் மண்ணுக்குள் உறங்கிவிடுகிற அவன் மழை வாசம் வந்தால்தான் எழுவான்.

முதல் மழைத் தூறலில் மூவரும் கூடினார்கள். பாதிப் பாட்டு வந்தது. அதற்குள் மழை வலுத்தது. பனை ஊறிப்போய் பொத்து பொத்து என்றது. சின்னானின் இறகு நனைந்து ஒட்டிக்கொண்டது. கலைந்தார்கள்.

அடுத்த வருஷமும் கூடினார்கள். தூறல் இல்லாமல் எடுத்த எடுப்பிலேயே புயல் வந்தது. கலைந்தார்கள்.

மூன்றாம் வருஷம் அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. கோடையில் பனை நன்றாகக் காய்ந்து கணீரென்றிருந்தது. ஆனால் தொந்தியப்பன் வழக்கம்போல மண்ணுக்குள் உறங்கப் போயிருந்தான்.

“தோண்டி எடுத்துடலாம்க்கா” என்றான் சின்னான். தோண்டினார்கள்.

“என்னங்கடா, மழை வந்துருச்சா?”

“இல்லண்ணே, ஒத்திகை.”

“ஒத்திகையா! நாசமாப் போறவங்களே, தோலு காயுதேடா!”

ஒரு வரி பாடுவதற்குள் சுருண்டு விழுந்தான். செங்கொண்டையாள் அலகு அலகாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, உயிர் பிழைக்க வைத்து, மறுபடி மண்ணுக்குள் விட்டாள். அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் ராஜாவிடமிருந்து கவுதாரி தூது வந்தது. முன்பு பாடிய பாதிப் பாட்டு ராஜாவின் காதில் விழுந்திருந்ததாம்.

“ராஜா உங்களுக்கு ஒரு குகை தர்றார். உள்ளே நனையாத மரமும் இருக்கு, வற்றாத சுனையும் இருக்கு. வருஷம் பூராப் பாடலாம்.”

“சட்டம்?”

“சட்டம் சட்டம்தான்.”

செங்கொண்டையாள் மண்மேட்டைப் பார்த்தாள். இனி இவனைத் தோண்டவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், கலையவும் வேண்டாம். சரி என்று தலையாட்டிவிட்டாள்.

வானம் இருண்டு, தொந்தியப்பன் விழித்ததும், மூவரும் குகைக்குப் போனார்கள். காடே அங்கே கூடியிருந்தது. ராஜா தோகை விரித்தார். பாட்டு எழுந்தது. குகைக்குள் அந்தத் தாளம் இடிபோல உருண்டது. இதுவரை எட்டாத கடைசி அடிக்குத் தொந்தியப்பன் மூச்சை இழுத்தான்.

ராஜா தோகையை மடித்தார்.

கழுத்து உப்பியபடி தொந்தியப்பன் செங்கொண்டையாளைப் பார்த்தான். நிறுத்தினால் குகை அவர்களுடையது. நிறுத்தாவிட்டால் மறுபடி அந்தப் பனையடிதான்.

‘ஆண்டவா, இந்த மூச்சு நீ கொடுத்தது. ராஜா கொடுத்ததில்லை.’ அவள் ஓங்கிக் கொத்தினாள்.

டொக்கு! சின்னான் சேர்ந்துகொண்டான். தொந்தியப்பன் வாய் திறந்தான்.

“நிறுத்து!” என்றார் ராஜா.

“முடியட்டும், மகாராஜா” என்றாள் செங்கொண்டையாள்.

“நான் தோகையை மடிச்சாச்சு!”

“மடிச்சது சரி. உங்க காலைக் கொஞ்சம் பாருங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். ராஜாவின் கால்கள் அவர் பேச்சைக் கேட்காமல் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தன. முயல் ஒன்று களுக்கென்று சிரித்தது. பாட்டு கடைசி அடி வரை போய், தானாக முடிந்தது. பாட்டின் முடிவைக் காடு அன்றைக்குத்தான் கேட்டது.

“குகை கிடையாது! வெளியே போங்க!”

“நீங்களே வச்சுக்கோங்க” என்றாள் செங்கொண்டையாள்.

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. பனையடிக்குத் திரும்பி, பனை ஊறுவதற்குள் அந்தப் பாட்டை அவர்கள் இன்னொரு முறை முழுதாகப் பாடினார்கள். பிறகு கலைந்தார்கள், அடுத்த வருஷம் கூடினார்கள். அதன்பின் ராஜா தோகையை மடித்தபோதெல்லாம் குயிலும் நிறுத்தவில்லை, மைனாவும் நிறுத்தவில்லை.

ஒருவர் கண்ஜாடைக்கு அடங்கி வருஷமெல்லாம் பாடுவதைவிட, தன் பாட்டை ஒரே ஒரு நாள் முழுதாகப் பாடி முடிப்பதே மேல்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், கண்ணுகளா. இந்த வருஷம் முதல் தூறல் விழும்போது ஜன்னலை உடனே சாத்திவிடாதீர்கள்.