சிறுத்தைக்கு மட்டும் அடித்த கொட்டு

ஒரு நகரத்தின் ஓரத்தில் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு பெரிய குப்பைமேடு. அந்த மேட்டைச் சுற்றி ஆடு, கழுதை, நாய், எருமை, பன்றி, கோழி, காக்கை, அணில் என்று ஒரு பட்டாளமே குடியிருந்தது. சண்டைக்கும் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை.

அவர்களுக்கு ஒரே ஒரு பயம். பக்கத்து மலையிலிருந்து எப்போதாவது ஒரு சிறுத்தை இறங்கி வரும். வந்தால் யாராவது ஒருவர் காலி!

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சிறுத்தை யாரையாவது அடித்துவிட்டால், பூவரச மரத்தில் குடியிருந்த மரங்கொத்தி, காய்ந்த கிளையில் 'டொர்ர்ர்ர்' என்று கொட்டு அடிப்பான். சத்தம் கேட்டதும் எல்லோரும் கூடி அழுவார்கள். அழுது முடித்ததும் ஆளுக்கொரு சுமையை இழுத்து வந்து, மேட்டில் எரிகிற தீயில் போடுவார்கள். பழைய டயர், பிளாஸ்டிக் பை, பிய்ந்த செருப்பு, எது கிடைத்தாலும் சரி. புகை இருந்தால் சிறுத்தை வராது என்பது தலைவர் கிடாவின் கண்டுபிடிப்பு. கிடாவுக்கு நீளமான தாடி. தலைவராக வேறென்ன வேண்டும்!

சொன்னது போலவே சிறுத்தை வருவதை நிறுத்திவிட்டது. அவ்வளவுதான், கிடாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"பார்த்தீங்களா நம்ம புகையை! மலையே தெரியலை!" என்று மார்தட்டினார். அன்றிலிருந்து தீயை அணையவே விடவில்லை.

சிறுத்தை வரவில்லை, சரி. ஆனால் கூட்டம் மட்டும் குறைந்துகொண்டே போனது. அது யார் கண்ணிலும் படவில்லை. எப்படிப் படும்? புகைதான் கண்ணை மறைக்கிறதே!

மரங்கொத்தியின் பொந்துக்குக் கீழே பட்டு என்ற அணில் குடியிருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. மரங்கொத்தி சும்மா கிளையைத் தட்டினாலே போதும், "மாமா, இன்னும் அடிங்க!" என்று வாலைத் தூக்கிக்கொண்டு ஆடும். இப்போது ஆடுவதில்லை. மூலையில் சுருண்டு கிடந்து மூச்சு இழுக்கிறது.

"அண்ணே, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. தலைவர்கிட்டே போய்ச் சொன்னேன். மாங்கொட்டையைக் கொறிச்சிருக்கும், சரியாயிடும் போன்னு சொல்லிட்டாரு. மாங்காயே இல்லாத காலத்திலே ஏது அண்ணே மாங்கொட்டை?" என்று பட்டு அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் வெளிதேசத்து நாரை வந்து இறங்கினாள். வருஷா வருஷம் குளிர்காலத்தில் வருகிறவள். இறங்கியதும், "என் சிநேகிதி வாத்து எங்கே?" என்று கேட்டாள்.

"போயிட்டா அக்கா. பனி ஒத்துக்கலையாம்" என்றான் மரங்கொத்தி.

"பனியா? வாத்துக்கா? பொழுதன்னைக்கும் தண்ணியிலே கிடந்தவளுக்கா!"

"எல்லாரும் அப்படித்தான் அக்கா சொன்னாங்க."

"சரி, குயில் எங்கே?"

"தொண்டை கட்டிச்சு, போயிட்டான்."

"முயல்?"

"ஓடும்போதே நெஞ்சு நின்னுபோச்சு."

"கொட்டு அடிச்சியா?"

"சிறுத்தை அடிச்சாத்தானே அக்கா கொட்டு?"

நாரை பலமாகத் தும்மினாள். "நல்ல வழக்கம் போ! வர்ற வழியிலே எத்தனையோ பட்டணத்தைப் பார்த்தேன். எல்லா இடத்திலேயும் இதே புகை, இதே இருமல், இதே சாவு. ஆளுக்கொரு சாக்குச் சொல்லிப் புதைச்சுடறாங்க. புகை பேரை மட்டும் ஒருத்தரும் சொல்றதில்லை!"

மரங்கொத்தி குனிந்து கீழ்ப் பொந்தைப் பார்த்தான். குட்டி வாயைத் திறந்து திணறிக்கொண்டிருந்தது. இதற்கும் நாளைக்கு ஒரு சாக்குச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்ததும் அவனால் பொறுக்க முடியவில்லை. நேராகக் காய்ந்த கிளைக்குப் பறந்தான்.

"டொர்ர்ர்ர்!"

"ஐயோ, சிறுத்தை!" என்று எல்லோரும் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கழுதை கையோடு ஒரு டயரையும் இழுத்து வந்தான்.

"யாரை அடிச்சுது?"

"வாத்தை!"

"அவ செத்துத்தான் ரொம்ப நாளாச்சே!"

"அன்னைக்கு அடிக்காத கொட்டு இது. டொர்ர்ர்ர்! இது குயிலுக்கு. டொர்ர்ர்ர்! இது முயலுக்கு. எல்லாரும் இருமி இருமித்தானே செத்தாங்க? இந்தப் புகைதான் அவங்களைக் கொன்னுது!"

கொட்டு நிற்கவே இல்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லி அடித்தான். முதலில் சிரித்த எருமை, தன் தங்கை பெயர் வந்ததும் விம்மி அழுதாள்.  சிறுத்தைக்காக அடித்த கொட்டுகளையெல்லாம் சேர்த்தாலும் இதில் பாதி வராது.

கிடாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நிறுத்துடா! புகைக்கு நகம் இருக்கா? பல்லு இருக்கா? அது எப்படிடா கொல்லும்?"

மரங்கொத்தி அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "தலைவரே, அடுத்த கொட்டு உங்க வீட்டம்மாவுக்கு."

 கிடாவின் மனைவியும் இருமி இருமித்தான் போனாள். தழை தொண்டையில் சிக்கிச் செத்தாள் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவரேதான்.

"டொர்ர்ர்ர்!"

கிடாவின் தாடி வழியாகக் கண்ணீர் சொட்டியது. "புகையை அணைச்சுடுங்கன்னு அவ என்கிட்டே சொன்னா. நான்தான் கேட்கலை" என்றார்.

பிறகு விடுவிடுவென்று தீயை நோக்கி ஓடினார். குளம்பால் மண்ணை வாரித் தீயின்மேல் இறைத்தார். "என்ன வேடிக்கை? எல்லாரும் வாங்க!"

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? எருமைகள் குளத்தில் புரண்டு வந்து தீயோரம் உடம்பை உதறின. பன்றிகள் சேற்றை வாரி வீசின. அதில் பாதி கிடாவின் முகத்தில்தான் விழுந்தது.

"டேய், குறி பார்த்து வீசுங்கடா!"

"குறி பார்த்துத்தான் வீசினோம் தலைவரே!"

கிடாவே சிரித்துவிட்டார். தீ அணைந்தது. கழுதை இழுத்து வந்த டயர், கோழிக்கு முட்டையிடும் இடமானது.

சில நாளில் வானம் தெளிந்தது. "அடேயப்பா! மலை இன்னும் அங்கேயேதான் இருக்கு!" என்று காக்கைகள் கத்தின. மலை தெரிந்தால் சிறுத்தையும் வருமே! வந்தது. ஆனால் புகையில் அடைத்துக் கிடந்த நாயின் மூக்கு இப்போது திறந்துவிட்டது.

"சிறுத்தை வாடை! மலையடிவாரத்திலே வருது!"

உடனே நாய் குரைக்க, கழுதை கத்த, காக்கைகள் வானத்தையே இரண்டாக்கின.

"சே! இவ்வளவு கூச்சலில் எவன் வேட்டையாடுவான்?" என்று சிறுத்தை காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனது.

மறுநாள் காலை பூவரச மரத்தில் ஒரு தடதட சத்தம். அணில் குட்டி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறி வந்தது.

"மாமா, கொட்டு அடிங்க!"

"யாரும் சாகலையேடா! எதுக்குக் கொட்டு?"

"அதுக்குத்தான் மாமா!"

மரங்கொத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்த அடியில் கிளையே அதிர்ந்தது. குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஆடியது. கீழே கிடாவும் ஆடினார், தாடியோடு.

பாய்ந்து வரும் சிறுத்தை ஒருவரைத்தான் கொல்லும், மூச்சில் நுழையும் புகை ஊரையே கொல்லும். சாக்குச் சொல்லாமல் அதன் பெயரைச் சொல்லி அணைக்கிறவர்களே பிழைப்பார்கள்.